ஆளில்லாத மரத்தில் ஒரு கறுப்புக் கொக்கட்டூ

என் மரம் வெட்டும் கம்பனியை இப்போது நடத்தும் தினேஷ் கோயம்புத்தூர்ப் பிள்ளை. நான் பழக்கியவன் அல்ல, ஆனாலும் நல்ல வேலைக்காரன். போன மாதம் சிட்னியில், கிரவீனில் உள்ள என் வீட்டுக்கு வந்து, நீளத் தடி ஒன்றின் நுனியில் பூட்டிய சின்னக் கமராவைக் காட்டினான். மரப்பொந்துக்குள் அதை விட்டால் உள்ளே இருப்பதெல்லாம் கையிலுள்ள போனில் தெரியுமாம்.

"இனிமே சந்தேகமே இல்ல அங்கிள். வெட்டறதுக்கு முன்னாடி உள்ள விட்டுப் பாத்துடலாம். இது இல்லாத காலத்துல நீங்க எப்படித்தான் பாத்தீங்க?"

"தட்டிப் பாத்தனாங்கள்."

"தட்டினா தெரிஞ்சிடுமா?"

"தெரியாது."

அவன் சிரித்தான். "இதை அப்படியே எழுதிக் குடுங்க. நம்ம பசங்க படிக்கட்டும்" என்றான். கமராவில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. அன்றைக்கு எங்களிடம் அது இருந்திருந்தால் எவ்வளவோ நல்லது. ஆனால் அது இருந்திருந்தால் நான் சொல்லப் போகும் கதை நடந்திருக்காது, என் பழைய முதலாளி கெவினுக்கு இரண்டாவது தமிழ்ச் சொல்லும் தெரிந்திருக்காது.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அடக்கமாகப் பேசுவது படித்த ஆட்களுக்கு அழகு. எனக்கு அது சரிவராது. மூன்று லொறி, என் பெயர் எழுதிய பலகை, சிட்னியின் தெற்கிலும் மேற்கிலும் நான் ஏறாத மரம் குறைவு. செய்ததைச் செய்தேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

தொடக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வந்த புதிதில் ஸ்ட்ராத்ஃபீல்டில் ஒரு வீட்டில் பல பேராக நெருக்கியடித்துக் கிடந்தோம். ஒருநாள் வீதியில் ஒரு பெரிய மரத்தை வெட்டிக்கொண்டிருந்தார்கள். மேலே ஒருவன் கொப்பு ஒன்றைக் கயிற்றில் கட்டி இறக்கப் பார்த்தான். ஊரில் எங்கள் வீடு யாழ்ப்பாணத்து வடமராட்சிக் கடற்கரையில். வள்ளமும் கயிறும் பிறந்ததிலிருந்து கையில். அந்த முடிச்சைப் பார்த்ததும் கொப்பு சுழன்று மின்கம்பியில் போகும் என்று எனக்கு விளங்கிவிட்டது. தெரிந்த இங்கிலிஷ் கொஞ்சம்தான். கையை ஆட்டிக் கத்தினேன். கீழே நின்ற உயரமான வெள்ளைக்காரர் என்னை ஒருதரம் பார்த்தார், மேலே பார்த்தார், வேலையை நிறுத்தினார். பிறகு கயிற்றின் ஒரு முனையை என்னிடம் நீட்டி, கட்டிக் காட்டு என்று சைகை செய்தார். கட்டிக் காட்டினேன். அடுத்த கிழமை எனக்கு வேலை. அவர்தான் கெவின்.

கெவின் என்ன பேசினாலும் ஆங்கிலம்தான். ஆனால் எனக்குள் அது எங்கள் ஊர்த் தமிழாகத்தான் இறங்கும். அப்படியே எழுதுகிறேன்.

அவர் அதிகம் பேசமாட்டார். சத்தம் போடமாட்டார். பிழை செய்தவனின் பக்கத்தில் வந்து நின்று, அவன் செய்ததை அவிழ்த்துத் திரும்பச் செய்வார், அவ்வளவுதான். அந்த அவமானம் ஏச்சைவிடக் கடுமை. செத்த மரம் ஒன்றை வெட்டுவதற்கு முன் அவருக்கு ஒரு முறை இருந்தது. எல்லா மெஷினையும் நிற்பாட்டச் சொல்வார். கோடரியைத் திருப்பிப் பிடித்து அதன் பின்பக்கத்தால் அடிமரத்தில் மூன்று தட்டுத் தட்டுவார். கதவைத் தட்டுவது போல, மரியாதையாக. பிறகு பிளாஸ்கைத் திறந்து மூடியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு மேலே பொந்துகளைப் பார்த்தபடி நிற்பார். பொசம் என்கிற மரவிலங்கோ, கிளியோ, ஆந்தையோ உள்ளே இருந்தால் தலையை நீட்டும் அல்லது பறக்கும். தேத்தண்ணி முடியும்வரை ஒன்றும் வராவிட்டால் மூடியை உதறிப் பூட்டிவிட்டு, "ஆள் இல்லை" என்பார்.

ஆம், தமிழில்தான். நான் கற்றுக்கொடுத்த முதல் சொல். அவர் வாயில் அது "ஆலில்லே" என்று வரும். அதற்குப் பிறகு மெஷின் வாள் ஓடும். கெவின் "ஆள் இல்லை" என்று சொன்ன மரத்தை அவர் திரும்பப் பார்த்ததை நான் கண்டதில்லை.

இன்னொரு முறையும் இருந்தது. செத்த மரங்களைக் குளிர்காலத்துக்கு என்று ஒதுக்கி வைப்போம். வசந்தத்தில்தான் குருவிகள் கூடு வைக்கும், ஆகவே இங்கே குளிர்காலமான ஜூன் ஜூலையில் பொந்துகள் வெறுமையாக இருக்கும் என்பது கணக்கு. எங்கள் தொழிலில் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். அது இரக்கமுள்ள முறை என்றே நானும் நினைத்தேன்.

இனி அந்தப் பறவை.

கொக்கட்டூ என்றால் நம் சனத்துக்குத் தெரிந்தது வெள்ளைதான். மஞ்சள் கொண்டை, ஊரைக் கூட்டும் குரல். குப்பை வாளியைத் திறக்கும், பல்கனிக் கட்டையைக் கடித்துத் துப்பும். என் மனைவி காயப்போட்ட மிளகாயை ஒரு கூட்டம் வந்து பார்த்துவிட்டு, தின்னவும் இல்லை, தட்டத்தைக் கவிழ்த்துவிட்டுப் போனது. அவை சண்டியர்கள். நான் சொல்வது அவற்றின் கறுப்புச் சொந்தக்காரர்களை. கறுப்பிலும் பல வகை உண்டு. இந்த வகைக்கு ஆங்கிலத்தில் பளபளப்பான கறுப்பு என்று பேர் வைத்திருக்கிறார்கள். வைத்தவருக்குக் கண் மங்கலாக இருந்திருக்க வேண்டும். பளபளப்பு எங்கே? தலையும் நெஞ்சும் கருகிய பழுப்பு, அடுப்பில் விட்ட சட்டியின் அடிபோல. கொண்டை இருக்கிறதா என்று தேடிப் பார்க்கவேண்டும். சொண்டு மட்டும் உடம்புக்குப் பொருந்தாத பெரிசு. பறக்கும்போது வாலை விரித்தால்தான் சங்கதி தெரியும்: ஆணுக்கு வாலில் அகலமான சிவப்பு. பெண்ணுக்கு அந்தச் சிவப்பில் கறுப்புக் கோடுகள், தலையிலும் கழுத்திலும் மஞ்சள் பூசினதுபோலத் திட்டுத் திட்டாக. இரண்டு பெண்களுக்கு ஒரே மாதிரித் திட்டு இருக்காது. அதை வைத்தே ஆளை அடையாளம் பிடிக்கலாம்.

எனக்கு அவற்றோடு பழக்கம் மத்தியானச் சாப்பாட்டில் வந்தது. சிட்னிக்குத் தென்மேற்கே, வீடுகள் முடிந்து மணற்கல் பாறையும் காடும் தொடங்கும் இடங்களில் எங்களுக்கு நிறைய வேலை. அங்கே இந்த நாட்டுச் சவுக்கு வளரும். எங்கள் கடற்கரைச் சவுக்கின் ஒன்றுவிட்ட தம்பி மாதிரி. காற்றுக்கு அதே இரைச்சல். மற்றவர்கள் லொறியில் இருந்து சாப்பிட, நான் சவுக்கடியில் போய் இருப்பேன். ஒருநாள் தலையில் ஏதோ தூறல்போல் விழுந்தது. சவுக்கங்காயின் தூள். மேலே பார்த்தால் இரண்டு பேர், ஆணும் பெண்ணும். இடக்காலால் காயைப் பிடித்துச் சுற்றிச் சுற்றிக் கடித்து, உள்ளே இருக்கும் எள்ளிலும் சின்ன விதையை எடுத்துத் தின்றுகொண்டிருந்தார்கள். எப்போதும் இடக்கால். எங்கள் சனம் பந்தியில் கண்டால் பேசித் தீர்த்திருக்கும்.

சத்தம் கிடையாது. நறுக், நறுக் என்று காய் உடையும் ஒலி மட்டும். நான் பிட்டுப் பெட்டியைத் திறந்து மூடினாலும் பறக்கமாட்டார்கள். சவுக்கங்காயைத் தவிர வேறெதிலும் பெரிதாக வாய் வைக்கமாட்டார்கள். ஒரு தோப்பில் நூறு சவுக்கு நின்றாலும் பிடித்த சில மரங்களுக்கே திரும்பத் திரும்ப வருவார்கள். கீழே கிடக்கும் தூளைப் பார்த்தால் எப்போது வந்தார்கள் என்று சொல்லிவிடலாம்: இன்றைய தூள் தேங்காய்ப்பூப்போல வெளுத்திருக்கும், பழசு செங்கபிலமாகிவிடும். இதெல்லாம் எனக்கு எவரும் சொல்லித் தரவில்லை. சாப்பிடும் இடத்தில் கண்ணைத் திறந்து வைத்திருந்தேன். எல்லாவற்றிலும் முக்கியமானது, அவர்கள் சோடி பிரியமாட்டார்கள். போன வருடக் குஞ்சு கூட வந்தால் மூன்று பேர். மற்றபடி இரண்டு. தனியே ஒருவரை நான் கண்டதே இல்லை, அந்த நாள் வரை.

அந்த மரம் நந்தினி என்ற பிள்ளையின் வீட்டுக்குப் பின்னால் நின்றது. யாழ்ப்பாணத்துப் பிள்ளை. கணவனுக்கு மேற்கு அவுஸ்திரேலியாவில் சுரங்க வேலை, மாதத்தில் ஒருதரம் வந்து போவான். வீட்டில் அவளும் கைக்குழந்தையும்தான். காணி முடியும் இடத்தில் காடு. அந்த எல்லையில் ஒரு மிகப் பழைய கம் மரம், யூக்கலிப்டஸில் ஒரு வகை, செத்து வெளுத்து, வீட்டுப் பக்கம் சாய்ந்து நின்றது. அதன் இரண்டு பெருங்கொப்புகள் குழந்தை படுக்கும் அறைக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தன. வானிலைக்காரர் அந்தக் கிழமைக் கடைசியில் பெருங்காற்று வரும் என்று சொல்லியிருந்தார்கள்.

"அண்ணை, நான் ராத்திரி நித்திரை கொண்டு கனநாள்," என்றாள் போனவுடனேயே. "சின்னக் காத்துக்கே கிறீச்சுக் கிறீச்செண்டு கத்துது. தயவுசெய்து இண்டைக்கே விழுத்திப் போடுங்கோ."

"பயப்படாதை தங்கச்சி. என்னட்டை வந்த மரம் நிண்டதில்லை," என்றேன்.

கெவின் மரத்தைச் சுற்றி நடந்தார். காட்டுப் பக்கம் பார்த்தபடி, உயரத்தில், ஒரு பெரிய பொந்து. மெஷினெல்லாம் நின்றது. மூன்று தட்டு. தேத்தண்ணி. குளிர்காலக் காலை, ஆவி பறக்க ஆறுதலாகக் குடித்தார். பொந்தில் ஒரு அசைவும் இல்லை. மூடியை உதறினார்.

"ஆள் இல்லை."

நான் கயிற்றுப் பையை எடுக்கத் திரும்பினேன். பையை வழக்கம்போலச் சவுக்கடியில் வைத்திருந்தேன். பைக்கு மேல் வெள்ளைத் தூள்.

நிமிர்ந்து பார்த்தேன். ஆண். ஒருவன் மட்டும். அவனுக்குப் பக்கத்துக் கொப்பைப் பார்த்தேன், அடுத்த மரத்தைப் பார்த்தேன், தோப்பு முழுவதும் நடந்தேன். அதே தெருவில் வெயில் காலம் முடியும்போது வேறொரு வீட்டில் வேலை செய்திருந்தோம். அப்போது இந்தச் சவுக்குகளில் ஒரு சோடி இருந்தது. அவளுக்கு இடக் கன்னத்தில் மட்டும் பெரிய மஞ்சள் திட்டு. இப்போது அவள் எங்கே?

கெவினிடம் போனேன். "வெட்டவேண்டாம். உள்ளுக்கு ஆள் இருக்கு."

"தட்டினனான் எல்லோ."

"தட்டினதுக்கு வெளியாலை வாற ஆள் இல்லை அவ. முட்டையில இருக்கிறா."

"ஜூலையில முட்டையோ? ராஜா, உனக்கு விசரோ?"

தங்கராசா என்ற என் பெயரில் பாதியைத்தான் அவர் பாவித்தார். பக்கத்தில் நின்ற நந்தினி எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தாள். விசயத்தைச் சொன்னேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"என்னண்ணை, நீங்கள் மரம் விழுத்த வந்தனீங்களோ, குருவி பாக்க வந்தனீங்களோ? என்ரை பிள்ளை அதுக்குக் கீழை படுக்குது!"

"ஓம் தங்கச்சி. பின்னேரம் வரைக்கும் பொறு."

"காத்து உங்களுக்காகப் பொறுக்குமோ?"

அவள் சொன்னது முழு நியாயம். ஒரு பக்கம் அந்த அறை, மறு பக்கம் அந்தப் பொந்து. நடுவில் நான், கையில் ஒரு பிடி சவுக்குத் தூளோடு. நான் பிழை என்றால் கெவின் இனி என் சொல்லைக் கேட்கமாட்டார். அதைவிட, காற்று முந்தி வந்துவிட்டால் நந்தினியின் முகத்தில் எப்படி முழிப்பது?

கெவின் என் கையிலிருந்த தூளை வாங்கி விரலால் நெருடிப் பார்த்தார். சவுக்கைப் பார்த்தார். பிறகு நந்தினியிடம் போய்த் தொப்பியைக் கழற்றி, இன்று இருட்ட முன் முடிவு சொல்கிறேன், அதுவரை பிள்ளையின் தொட்டிலை முன்னறைக்கு மாற்றித் தருகிறேன் என்றார். மாற்றியும் கொடுத்தார். அவரே தூக்கினார். பிறகு கவிழ்த்த வாளியில் குந்தினார். பகல் முழுவதும் வேறு வேலை பார்க்கப் போகவில்லை.

பின்னேரம், வெயில் மரநுனிக்கு ஏறியபோது ஆண் வந்தான். செத்த மரத்தின் கொப்பில் இருந்து, மெல்லிய, கரகரத்த குரலில் ஒருதரம் கூப்பிட்டான். கோடரிக்கு அசையாத பொந்திலிருந்து உடனே ஒரு தலை வந்தது. இடக் கன்னத்தில் மஞ்சள். வெளியே வந்து அவனுக்குப் பக்கத்தில் இருந்து, சின்னக் குஞ்சுபோலச் சிணுங்கிச் சிணுங்கிக் கேட்டாள். அவன் பகலெல்லாம் கடித்துச் சேர்த்ததைத் தன் தொண்டையிலிருந்து எடுத்து அவளுக்கு ஊட்டினான். நேரம் எடுத்து ஊட்டினான்.

கெவின் எழுந்து நின்றார். தொப்பி கையில் இருந்தது.

பின்வாசலில் நந்தினி பிள்ளையைத் தோளில் போட்டபடி பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவள்தான் சொன்னாள்:

"பாத்தியளே அண்ணை. அவளின்ரை மனுசன் ஒவ்வொரு நாளும் சாப்பாட்டோடை வாறான். என்ரை ஆளுக்கு ஒருக்கா இதைப் படம் எடுத்து அனுப்பவேணும்."

நான் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். "சரி, குருவியும் இருக்கட்டும், பிள்ளையும் இருக்கட்டும். எப்பிடிச் செய்யப்போறியள் எண்டு எனக்குத் தெரியாது," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

எப்படிச் செய்தேன் என்று சொல்கிறேன். கவுன்சிலுக்குச் சொன்னோம், அவர்கள் வந்து பார்த்து, வீட்டுக்கு மேல் நீளும் கொப்புகளை மட்டும் எடுங்கள், பறவையைக் கலைக்கக்கூடாது என்றார்கள். மெஷின் வாள் சத்தம் கேட்டால் அவள் முட்டையை விட்டுப் போகலாம். ஆளை வாளியில் ஏற்றித் தூக்கும் லொறிக்கும் எஞ்சின் ஓடவேண்டும். செத்த மரத்தில் ஏறவும் முடியாது. அதனால் பக்கத்தில் நின்ற உயிர்மரத்தில் ஏறினேன். அதன் கவட்டில் கயிற்றைப் போட்டு, அந்தக் கயிற்றில் தொங்கியபடி செத்த கொப்புக்குக் குறுக்கே போய், கைவாளால் அரிந்தேன். வெட்டும் துண்டு ஒவ்வொன்றையும் முதலில் இரண்டு இடத்தில் கட்டினேன்; கெவின் கீழே நின்று கயிற்றைத் தன் இடுப்பில் சுற்றிப் பிடித்து, நிலத்தில் வைக்கும்போது தட் என்ற சத்தம்கூட இல்லாமல் இறக்கினார். செத்த யூக்கலிப்டஸ் இரும்பு. ஒரு துண்டை அரிய, ஒரு கை மாற்றி மறு கை, தோள் கழன்றுபோகும். என்னைத் தவிர அன்றைக்கு இந்த நகரத்தில் வேறு யார் அதைச் செய்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்தால் சொல்லுங்கள்.

இரண்டாம் நாள் மிகக் கிட்டப் போனபோது பொந்துக்குள் அவளைப் பார்த்தேன். அந்தப் பெரிய சொண்டு, ஒரு கண். என்னைப் பார்த்தாள். அசையவில்லை.

காற்று வருவதற்கு முன்பே, மாலையில், கொப்புகள் இரண்டும் நிலத்தில் இருந்தன. மிச்சத் தண்டுக்கு வயரைச் சுற்றி, காட்டுப் பக்கத்து உயிர்மரங்கள் மூன்றுக்கு இழுத்துக் கட்டினோம். கெவின் ஒவ்வொரு வயரையும் தட்டிச் சத்தம் கேட்டுப் பார்த்தார். அன்றிரவு கிரவீனில் எங்கள் வேலியே சாய்ந்தது. விடிந்ததும் போனேன். கெவினின் லொறி எனக்கு முன்பே அங்கே நின்றது. கண்ணாடியெல்லாம் ஆவி படிந்திருந்தது. அவர் வீட்டுக்குப் போகவே இல்லை. தண்டு நின்றது. நந்தினி குசினி யன்னலால் தேத்தண்ணி வேணுமோ என்று கேட்டாள்.

வசந்தம் போய் வெயில் தொடங்கும் நேரம் அவளிடமிருந்து போன் வந்தது. "அண்ணை, இப்ப சவுக்கிலை மூண்டு பேர்!"

அதற்குப் பிறகும் கெவின் மரத்தைத் தட்டினார். ஆனால் "ஆள் இல்லை" என்று சொல்வதை விட்டுவிட்டார். மரத்தைச் சுற்றியுள்ள நிலத்தைப் பார்ப்பார், பின்னேரம் திரும்பி வருவார். ஒருநாள் என்னிடம் கேட்டார், "அண்டைக்கு நந்தினிக்கு நீ ஒரு சொல்லுச் சொன்னாய், என்ன அது?" "பொறு," என்றேன். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டார். எங்கள் கூட்டத்தில் எவன் அவசரப்பட்டு வாளை எடுத்தாலும், அந்த நெட்டை மனிதர் கையை உயர்த்தி, "போரு, போரு" என்பார். நான் தனியாகக் கம்பனி தொடங்கப் போகிறேன் என்று சொன்ன நாளும் அதையே சொன்னார். அந்த ஒருதரம் மட்டும் நான் கேட்கவில்லை.

இப்போது கெவின் முதியோர் குடியிருப்பு ஒன்றில் தனியே இருக்கிறார். ஆயுள் முழுக்க மெஷின் வாளுக்குப் பக்கத்தில் நின்றதால் காது நன்றாக மங்கிவிட்டது. தினேஷ் கமராவைக் காட்டிய அடுத்த நாள், அதைப் பற்றிச் சொல்லலாம் என்று போனேன். என் மனைவி ரோல்ஸ் பொரித்துக் கட்டித் தந்தாள்.

கதவை மூன்று தட்டுத் தட்டினேன். சத்தமில்லை. பக்கத்து வீட்டு அம்மா தலையை நீட்டி, காலையிலிருந்து அவரைக் காணவில்லை, வெளியே போயிருப்பார், வீட்டில் ஒருவரும் இல்லை என்றாள்.

நன்றி சொன்னேன். கதவடி நிலத்தைப் பார்த்தேன். மிதியடியில் பாண் தூள், வெள்ளையாக, காயாமல். மைனாக்களுக்குப் போடுவார்.

படியில் இருந்தேன். பிளாஸ்கைத் திறந்து மூடியில் தேத்தண்ணி ஊற்றிக் குடித்தேன். அது முடிந்தது. இன்னொன்று ஊற்றினேன். வெயில் எதிர்க் கூரைக்கு ஏறியது. எழுந்து இன்னொருதரம், கொஞ்சம் பலமாக, மூன்று தட்டுத் தட்டினேன்.

உள்ளே கதிரை ஒன்று இழுபட்டது. ஊன்றுகோல் தட்டும் ஒலி மெல்ல மெல்லக் கிட்ட வந்தது.

"போரு," என்றது ஒரு குரல். "போரு, போரு."